அக்கிக்கு மாத்திரை கேட்காதா?

பாம்பன், மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "அக்கி வைரஸ் உருமாறிவிட்டது, அசைக்ளோவிர் இனி யாருக்கும் கேட்காது, காவி எழுதினால் போதும்." தவறு.

உருமாற்றம் உண்டு, அது நிஜம். அசைக்ளோவிர் தானாக வேலை செய்யாது. வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற புரதம் அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால்தான் மருந்து விழிக்கும். வைரஸ் தனக்குத் தானே குழி வெட்டுகிறது! மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டு அந்தப் புரதம் அரைகுறையாக நின்றால் மருந்து தூங்கிவிடும். ஆனால் இது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்து, நீண்ட நாள் மருந்து எடுப்பவர்களிடம்தான். மற்றவர்களுக்கு அபூர்வம்.

காவி குளிர்ச்சியாக இருக்கும், சரி. நரம்புக்குள் இருக்கும் வைரஸை அது தொடாது. இடுப்பில் கொப்புளம் வரிசை கட்டினால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். கண்ணருகே என்றால் அன்றைக்கே.