போஸ்ட்-பேக் படித்தால் மருத்துவ இடம் உறுதியா?

"அமெரிக்காவில் ஓராண்டு போஸ்ட்-பேக் முடித்தால் கல்லூரியில் வாங்கிய பழைய குறைந்த மதிப்பெண்கள் நீங்கிவிடும்; மருத்துவக் கல்லூரியில் இடம் உறுதி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பெற்றோர் குழுக்களில் பரவுகிறது. இரண்டுமே தவறு.

போஸ்ட்-பேக் (post-baccalaureate) என்பது, பட்டம் பெற்றவர்கள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் விடுபட்ட அறிவியல் பாடங்களைப் படிக்கவோ, தங்கள் கல்வித் தரத்தை உயர்த்திக் காட்டவோ உதவும் படிப்பு. அங்கே எம்.டி. என்பதே முதல் மருத்துவப் பட்டம்; அதைத் தரும் பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஆம்காஸ் (AMCAS) என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பிக்கிறார்கள். அதில் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண் இரண்டும் சராசரியில் சேரும். டி.ஓ. என்ற இன்னொரு மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவையான ஆகோமாஸ் (AACOMAS) மட்டும் முன்பு புதியதை மட்டும் கணக்கிட்டது. 2017இல் அதையும் நிறுத்திவிட்டது. வதந்தியின் வேர் அந்தப் பழைய விதியாக இருக்கலாம்.

போஸ்ட்-பேக் நடத்தும் பிரின் மார் போன்ற சில கல்லூரிகள், தங்கள் மாணவர்களை முன்கூட்டியே பரிசீலிக்கும்படி குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிகளுடன் இணைப்பு ஏற்பாடு வைத்திருப்பது உண்மை. அதுவும் நிபந்தனைகளுக்கு உட்பட்ட வாய்ப்புதான், உறுதிமொழி அல்ல.

இந்தியாவிலிருந்து பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் கடன் வாங்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்: அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் பரிசீலிப்பதே இல்லை. செய்தி இதைச் சொல்லவே இல்லை என்பதுதான் மிகவும் கவலை தருகிறது.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் இணையதளத்தில் போஸ்ட்-பேக் படிப்புகளின் பட்டியலும் ஆம்காஸ் விதிகளும் உள்ளன. ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பகிருங்கள்.