சிறுநீரில் ரத்தம்: அத்தைக்கு மாத்திரை, சித்தப்பாவுக்கு ஸ்கேன்

அத்தைக்கு சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள், நின்றது. அடுத்த மாதம் மறுபடி வந்தது, இந்த முறை வேறு ஆன்டிபயாடிக். மூன்றாவது தடவை போனபோது "இந்த வயசுல லேடீஸுக்கு இது சகஜம்மா" என்று ஆறுதலும் சேர்ந்து கிடைத்தது. சிறுநீர்ப்பைக் கட்டியில் ரத்தம் பெரும்பாலும் விட்டு விட்டுத்தான் வரும், மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் சில நாளில் அதுவே நின்றுவிடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்து கட்டி என்று சொன்னபோது ஐந்து மாதம் ஓடிவிட்டது, கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து அதே அறிகுறி சித்தப்பாவுக்கு, அத்தையின் சொந்தத் தம்பி. முதல் தடவையே ஸ்கேன், அந்த வாரமே சிஸ்டோஸ்கோப்பி, அதாவது அந்தக் கேமரா சோதனை. பார்த்தால் வெறும் கல்.

அந்த டாக்டரைத் திட்ட இதை எழுதவில்லை, சரி, கொஞ்சம் திட்டவும்தான். ஆனால் அவர் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம், பெண்களுக்கு இன்ஃபெக்‌ஷன்தான் அதிகம். அதனால் ஆணுக்கு ரத்தம் என்றால் புற்றுநோய் ஞாபகம் வருகிறது, பெண்ணுக்கு ரத்தம் என்றால் மாத்திரை ஞாபகம் வருகிறது. விளைவு என்னவென்றால், பெண்களுக்குக் குறைவாக வரும் இந்த நோய், வந்துவிட்டால் அவர்களிடம் முற்றிய நிலையில் பிடிபடுவது அதிகம், பிழைப்பதும் ஆண்களைவிடக் கஷ்டமாகிறது.

இது விதிவிலக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் புற்றுநோயில் அடி வாங்குவது ஆண்கள்தான். 2020ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில், வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, புற்றுநோய் வரும் விகிதம் ஆண்களிடம் 19 சதவீதமும் இறப்பு விகிதம் 43 சதவீதமும் அதிகம். குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல் என்று இருவருக்கும் பொதுவான உறுப்புகளில் பெரும்பாலானவற்றில் இதே கதைதான். தைராய்டு, பித்தப்பை மாதிரி சிலவற்றில்தான் தலைகீழ், தைராய்டு பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு.

இதைச் சொன்னதும் வரும் பதில் எனக்கு மனப்பாடம். "ஆம்பளைங்க குடிக்கிறாங்க, சிகரெட் பிடிக்கிறாங்க, டாக்டர்கிட்ட போக மாட்டாங்க." உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அமெரிக்காவில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேரின் தகவல்களை வைத்து 2022இல் வந்த ஆய்வில் புகை, மது, எடை, உணவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் பெரும்பாலான உறுப்புகளில் இடைவெளி மறையவில்லை. அவ்வளவு ஏன், குழந்தைகளைப் பாருங்கள். சிகரெட் என்றால் என்னவென்றே தெரியாத வயதிலும் பையன்களுக்குத்தான் புற்றுநோய் சற்று அதிகம்.

அப்புறம் எது காரணம்? ஹார்மோன் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது குரோமோசோம் சமாச்சாரம். பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ், அதில் ஒன்று வாயடைக்கப்பட்டிருக்கும், மரபியல் விஞ்ஞானி மேரி லயன் 1961இலேயே சொன்னார். ஆனால் அந்த அடைப்பு முழுசாக இல்லை. சில மரபணுக்கள் தப்பித்து இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்கின்றன, அவற்றில் கேடிஎம்6ஏ மாதிரி கட்டி வளராமல் காவல் காப்பவையும் உண்டு. ஒரு பிரதி பழுதானாலும் பெண்ணுக்கு இன்னொன்று இருக்கிறது, ஆணிடம் பல நேரம் ஒரே அடியில் காவல் போய்விடும். 2017இல் இப்படி ஆறு மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள்.

ஒய் கதை இன்னும் விசித்திரம். ஆண்களுக்கு வயதாக ஆக ரத்த செல்களில் சில தங்கள் ஒய் குரோமோசோமையே தொலைத்துவிடுகின்றன. 70 வயதில் சுமார் 40 சதவீதம் பேரிடம் இது தெரிகிறது. ரொம்ப நாள் இதை நரைமுடி மாதிரி நினைத்து விட்டுவிட்டார்கள். 2023இல் பார்த்தால், சிறுநீர்ப்பைக் கட்டி ஒய்யை இழந்துவிட்டால் அது இன்னும் மூர்க்கமாக வளர்கிறது, எதிர்த்து வரும் டி செல்களை (உடலின் காவல் செல்கள்) சோர்வடைய வைக்கிறது. ஆனால் அதே சோர்வினால், உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துக்கு அந்தக் கட்டி நன்றாக மசிகிறது என்பதும் சோதனையில் தெரிந்தது.

இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கீமோ டோஸ் எப்படிப் போடுகிறோம்? பல மருந்துகளுக்கு உயரம், எடை, அதிலிருந்து உடல் பரப்பு, முடிந்தது. ஆணா பெண்ணா என்ற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை. ஃபுளோரோயுராசில் என்ற கீமோ மருந்து பெண் உடலிலிருந்து சராசரியாக மெதுவாகத்தான் வெளியேறுகிறது. 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (இதுவும் 2022தான்) கடுமையான பக்கவிளைவு பெண்களுக்கு 34 சதவீதம் அதிகம், இம்யூனோதெரபியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ரிட்டுக்சிமாப் எதிர்ப்பக்கம், வயதான ஆண்களின் உடல் அதை வேகமாக வெளியேற்றிவிடுவதால் அவர்களுக்கு டோஸ் போதவில்லையோ என்று யோசித்து ஜெர்மனியில் கூட்டிக் கொடுத்தே பார்த்தார்கள். ஒரே அளவு என்பது சமத்துவம் மாதிரி தெரிகிறது, ஆனால் ஒருவருக்கு அதிகமாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் போய்ச் சேர்ந்தால் அதை என்னவென்று சொல்வது?

இதெல்லாம் சராசரி என்பது எனக்கும் தெரியும். சில இடங்களில் ஆய்வுகளே ஒத்துப்போவதில்லை. இம்யூனோதெரபி ஆண்களுக்குத்தான் அதிகப் பலன் என்று 2018இல் ஒரு தொகுப்பாய்வு, அடுத்த வருடமே அப்படி வித்தியாசம் எதுவும் இல்லை என்று இன்னொன்று. இப்படி இழுபறியாவதற்குக் காரணம் நாமே வைத்துக்கொண்டதுதான். அமெரிக்காவில் 1977இலிருந்து 1993 வரை, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். ஆய்வகத்து எலியில் ஆண் பெண் இரண்டையும் கணக்கில் எடுங்கள் என்று அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனம் கேட்க ஆரம்பித்ததே 2016இல்தான். பிரித்துப் பார்க்காத தரவில் வித்தியாசம் எப்படித் தெரியும்?

மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஒன்று ஆண்களுக்கு வருகிறது. அது "பொம்பளைங்க வியாதி" என்று நினைத்து, மார்பில் கட்டியை வைத்துக்கொண்டே நாளைக் கடத்திவிட்டுத் தாமதமாக வருகிறார்கள். அத்தைக்கு நடந்ததேதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

அத்தைக்கு ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ கொடுத்தார்கள். இரண்டாவது சுற்றில் வாந்தி, காதில் இரைச்சல், விரல் நுனி மரத்துப்போனது. எல்லாருக்கும் இருக்கும், தாங்கிக்கோங்க என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. பழைய பால் கணக்கு நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதி வைத்தார். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் அந்த நோட்டை டாக்டர் மேஜையில் விரித்து வைத்ததும், அவர் இரண்டு பக்கம் புரட்டிப் படித்துவிட்டு டோஸைக் குறைத்து எழுதினார்.