பேர் வேண்டாம், முகம் வேண்டாம், ஒரு நாரை போதும்

பத்தமடைப் பாயில் மாப்பிள்ளை, பொண்ணு பேரை நெய்து கல்யாணத்துக்குக் கொடுப்பது நம்ம பக்கத்து வழக்கம். அந்தப் பட்டுப்பாயைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நூல் பாவுக்குள் சாயக் கோரை ஊடாகப் போவதால் எழுத்தின் வளைவெல்லாம் ஒடிந்து கட்டம் கட்டமாக நிற்கும். சுழிகூடச் சதுரமாகத்தான் வரும். அந்தப் பேரை வாசிப்பது வீட்டுக்குள் வருகிறவர்கள் மட்டும். சுருட்டி மூலையில் வைத்துவிட்டால் அவர்களும் இல்லை.

சுவரைச் சுருட்ட முடியாது. காதலர் தினத்துக்கோ கல்யாண நாளுக்கோ ஒரு சுவர் ஓவியத்தைப் பரிசாகக் கொடுக்கும் ஆசை இப்போது நெல்லை, பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்த சுவர் ஓவியர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர். அவர்கள் கைக்கும் வேலை வரும். ஆனால் தெருச் சுவரில் நீங்கள் விரும்புகிற பெண்ணின் பேரையோ முகத்தையோ வரையாதீர்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன். நம்ம ஊரில் ஒரு பொண்ணு பேர் சுவரில் ஏறினால் அடுத்த தெருவுக்குள் அது வேறு கதையாகப் போய்ச் சேரும். நாளைக்கு இரண்டு பேருக்கும் ஒத்துவராமல் போனாலும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவள் பஸ்ஸுக்குப் போகணும். அதனால் முதலில் அவளிடம் கேளுங்கள். என்ன படம், என்றைக்கு என்பதை மறைத்து வைக்கலாம். சுவரில் வரையப் போகிறோம் என்பதை மறைக்கக் கூடாது.

அப்படியானால் எதை வரைவது? இரண்டு பேருக்கு மட்டும் அர்த்தம் தெரிகிற ஒன்றை. குறுக்குத்துறைப் படித்துறையில் எத்தனையாவது படியில் உட்காருவீர்களோ அந்தப் படி. சேர்ந்து பார்த்த ஒற்றைப் பனை. சேர்ந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போனவர்கள் என்றால் இரண்டு மஞ்சள் மூக்கு நாரை. தெருவுக்கு அது அழகான படம், உங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு நாள்.

இனி சுவர். பாலத் தூண், கோயில் மதில், பள்ளிக்கூடச் சுவர், அரசுக் கட்டடம் பக்கமே போக வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. தனியார் சுவர் என்றால், குடியிருக்கிறவரிடம் கேட்டால் போதாது, சொந்தக்காரரிடம் கேளுங்கள். "அண்ணாச்சி, உங்க காம்பவுண்டுல பத்தடி மட்டும் தாங்க, சுரண்டி வெள்ளையும் அடிச்சுத் தர்றோம்" என்று ஓவியத்தின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் தட்ட மாட்டார்கள். எவ்வளவு நாள் இருக்கும், பிறகு யார் அழிப்பது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவர் கெட்டால் ஓவியமும் கெடும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அடியில் சுண்ணாம்பு. அதன் மேல் அடிக்கிற பெயிண்ட் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. சுண்ணாம்பு உதிரும்போது நாரையின் றெக்கையும் பாளமாகக் கூடவே வரும். முழுக்கச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கழுவிக் காய விட்டே ஆகணும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் காய வேண்டும். புதுப் பூச்சு என்றால் தண்ணீர் காட்டி முடித்து, பூசி 28 நாளாவது ஆகி, காய்ந்த பிறகே. அவசரப்பட்டால் சிமெண்ட்டின் காரம் நிறத்தைத் தின்னும், உப்புப் பூக்கும். மதிலின் தலைப்பில் வெடிப்பு இருந்தால் முதலில் அதை அடையுங்கள், மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குப் படம் வேண்டாம். சேறு தெறிக்கும், ஈரம் ஏறும். அடர்நிறப் பட்டையாக விட்டுவிடுங்கள். பட்டி பார்ப்பதானால் வெள்ளைச் சிமெண்ட் பட்டி மட்டும். உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டி முதல் மழையிலேயே ஊறிவிடும்.

10-க்கு 6 அடி, அதாவது 60 சதுர அடிக்கு வெளிச்சுவர் பிரைமர் 1 லிட்டர், இரண்டு கோட்டுக்கு வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் ஒன்றரை லிட்டர் போதும். கோட்டுக்குக் கோட்டு 4 மணி நேரம் விடுங்கள். எனாமல் பளபளப்பாக இருக்கிறதே என்று சிமெண்ட் சுவரில் அடிக்கிறார்கள். காரம் பட்டு அது தோலாக உரியும். அது கடை ஷட்டருக்கு, தகட்டுக்கு.

நிறம் கலப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். ஒரு லிட்டர் வெள்ளையில் ஸ்டெய்னர், அதாவது நிறம் ஏற்றும் சாயம், 30 மில்லி, மிஞ்சினால் 50 மில்லி. நிறம் ஏறவில்லையே என்று பாட்டிலைக் கவிழ்த்தால் காயாது, கையில் ஒட்டும், மழையில் வழியும். கருப்பு, கரும்பச்சை மாதிரி அடர்நிறங்களைக் கடை மிஷினில் கலந்தே வாங்குங்கள். மஞ்சள் மூக்கு நாரையின் வால்பக்கத்தில் ஒரு ரோஸ் உண்டு, வெள்ளை உடம்பும் கருப்பு றெக்கையும் முடிகிற இடத்தில். அதற்குக் கடையில் கிடைக்கிற பளீர் ரோஸை வைத்தால் மேற்குப் பார்த்த சுவரில் சீக்கிரமே வெளிறிவிடும். 100 மில்லி வெள்ளையில் சிவப்பு ஆக்ஸைடு ஸ்டெய்னர் நாலைந்து சொட்டு விட்டுக் கலக்குங்கள். கொஞ்சம் செங்கல் சாயல் தட்டும், ஆனால் நம்ம வெயிலைத் தாங்கும். அதை முழுசாகப் பூசாமல், காய்ந்த பிரஷ்ஷின் நுனியால் வெள்ளை மேல் இறகு இறகாக இழுத்தால்தான் பறவை உயிரோடு நிற்கும். காவி, மஞ்சள் காவி, கருப்பு ஆகிய மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் ஓவியங்கள் நூற்றாண்டுகளாக நிற்பதற்கு உள்சுவரில் நேர் வெயிலும் மழையும் படாதது ஒரு பெரிய காரணம். உங்கள் சுவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை, அதனால் நிறத்தில் கவனம் வேண்டும்.

சின்னப் படத்தில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓர் அடிக் கட்டம். கலர் சாக்பீஸ் பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடுங்கள். பென்சில் வெள்ளை வழியாகத் தெரியும். ஸ்டென்சிலும் ஸ்ப்ரேயும் என்றால் ஆனி, ஆடியை விட்டுவிடுங்கள். அந்தக் காற்றில் பாதிப் பெயிண்ட் பக்கத்து வீட்டு பைக்கில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். சித்திரை வெயிலில் பிரஷ்ஷிலேயே காய்ந்து கோடு கோடாக விழும். தை, மாசிதான் சரி, காலை 9 மணிக்குள், சாயங்காலம் 4 மணிக்கு மேல். பிப்ரவரி 14-ம் மாசிப் பிறப்பை ஒட்டியே வருகிறது. ஆனால் 13-ஆம் தேதி சுரண்ட ஆரம்பித்தால் நடக்காது, குறைந்தது பத்து நாள் முன்னால் சுவரைத் தொடுங்கள். மேலே கிளியர் கோட் அடிப்பதானால் ஒரு வாரம் கழித்து, மேட் அக்ரிலிக். ஈரத்தோடு அடித்தால் பால் படிந்த மாதிரி வெளுத்துப் போகும்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு 8-க்கு 4 அடி சிமெண்ட் ஃபைபர் போர்டு நல்லது. பின்பக்கத்துக்கும் சேர்த்துப் பிரைமர் அடித்து மாட்டினால், வீடு மாறும்போது கழற்றிக் கொண்டுபோகலாம்.

வேலை முடிந்ததும் மிச்ச நிறத்தைச் சின்ன பாட்டில்களில் ஊற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடியில் "றெக்கை", "கால்", "தண்ணி" என்று எழுதி ஓவியத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கார்த்திகை மழை முடிந்து எங்கேயாவது பொரிந்திருந்தால், தை மாதம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலையில் தொட்டுவிடலாம்.