சோலார் போடுறீங்களா அங்கிள்?

மறுபடியும் சோலார் கம்பெனி போன். "சார், உங்க வீட்டுக் கூரையை அளக்க எப்ப வரலாம்?"

எந்தக் கூரைம்மா? யாரு வீட்டுக் கூரை? நான் இருக்கிறது சிங்கப்பூர் வீவக வீடு, அரசாங்க அடுக்குமாடி. வீவக, வீவக, வீவக. எழுதி நெத்தியில ஒட்டிக்கவா? "ஓகே சார், சிஸ்டத்துல மாத்திடுறேன்." போன தடவை கூப்பிட்ட பொண்ணும் இதையேதான் சொல்லிச்சு. அந்த சிஸ்டம் எங்க இருக்குன்னு சொன்னா நானே டேப் எடுத்துக்கிட்டு வந்து அளந்துட்டுப் போறேன்.

எல்லாம் அந்தக் கடைத்தொகுதி மேசையால வந்த வினை. நீங்களும் மாட்டியிருப்பீங்க. எஸ்கலேட்டர்ல இறங்கினதும் காலை எடுத்து வைக்கிற இடத்துல கரெக்டா வழியை மறிச்சுப் போட்டிருப்பாங்க. ஒரு தகடு, ஒரு டிவி, டை கட்டின தம்பி ஒருத்தர். நம்ம மூஞ்சியைப் பார்த்ததும் அவருக்குத் தமிழ் வந்துடும். "அங்கிள், கரண்டு பில்லு ஜாஸ்தியா வருதா?" இதெல்லாம் ஒரு கேள்வியா? இந்த ஊர்ல யாருக்குய்யா கம்மியா வருது? 9 விழுக்காடு பொருள் சேவை வரியோட சேர்த்து யூனிட் கிட்டத்தட்ட 30 காசு. அரசாங்கத்தோட யு-சேவ் கழிவு வர்ற மாசம் மட்டும்தான் பில்லைத் திறக்கவே தைரியம் வருது.

"தம்பி, நம்மளது வீவக, நாலு அறை வீடு"ன்னு எடுத்த எடுப்புலயே சொன்னேன். "பரவால்ல அங்கிள், சும்மா ஒரு ஃபார்ம்தான். குடை இலவசம்." வெயிலை விக்க வந்தவன் குடுக்கிற பரிசு குடை! வீட்டம்மா அதுக்குள்ள அதை வாங்கி விரிச்சுப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

"கூரை ஓடா, தட்டையா அங்கிள்?"

"தட்டை. ஏறுற கதவுக்குப் பூட்டு. சாவி நகர மன்றத்துக்கிட்ட."

டைப் பண்ணிக்கிறான்.

"எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

"எதிர் புளோக்கைப் பார்த்திருக்கு."

டைப்.

"நிழல் விழுமா?"

"விழும். பக்கத்துல 40 மாடி நிக்குது."

அதையும் டைப் பண்றான்!

"வீட்டுச் சொந்தக்காரர் நீங்கதானே?"

"99 வருஷக் குத்தகை தம்பி. அதுலயும் பாதி பேங்கு."

சிரிக்கவே இல்ல. டிவியில பச்சைக் கலர்ல ஒரு கோடு மேல மேல ஏறுது. தகட்டுக்கு 25 வருஷ வாரண்டி, ஏழெட்டு வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துடும், அப்புறம் எல்லாம் லாபம்தான் அங்கிள். வீட்டம்மாவோட கண்ணுல அந்த லாபம் வளையலா மாறுறது எனக்கு நல்லாத் தெரியுது. கடைசியா, "போஸ்டல் கோடு?" சொன்னேன். தட்டினான். திரையையே பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அங்கிள்... இது வீவகயா?"

டேய்!

"வீவகக்குப் போட முடியாது அங்கிள். தரைவீடா இருக்கணும்." நான் என்னவோ அவனை ஏமாத்தின மாதிரி ஒரு பார்வை வேற.

வயித்தெரிச்சல் என்னன்னா, எனக்கு மேல்மாடி. படுத்தா நேர் மேல தகடுங்க வரிசையா வெயில் காயுது. சோலார்நோவா, 2014ல ஆரம்பிச்ச அரசாங்கத் திட்டம். அந்தக் கரண்டுல லிஃப்டு ஓடுது, தண்ணி பம்பு ஓடுது, மிச்சம் கிரிட்டுக்கு, அதான் ஊர்ப் பொதுக் கரண்டுக் கம்பிக்குப் போகுது. தப்பு சொல்லலை. 95 விழுக்காடு மின்சாரத்தை இயற்கை எரிவாயுவுல எடுக்கிற ஊரு, இது வேணும்தான். ஆனா தாழ்வார விளக்கும் அதுலதான்னு பெருமையா சொல்றாங்களே, அந்த விளக்கு ராத்திரிதானய்யா எரியுது? லிஃப்டாவது ஒழுங்கா ஓடுச்சான்னா, போன வாரம் வெயில் மண்டையைப் பொளக்கிற நேரத்துல பராமரிப்புன்னு அட்டை தொங்குது. அரிசி மூட்டையோட படியேறினேன். கல்யாணச் சமையல் நம்ம கொல்லையில, பந்தி அடுத்த தெருவுல.

தமிழ்நாட்டுல, ஊர்ல இருக்கிற மச்சான் வேற. இந்திய அரசாங்கம் 2024ல கொண்டுவந்த சூரிய வீடு திட்டத்துல 3 கிலோவாட் போட்டு 78,000 ரூபாய் மானியம் வாங்கிட்டாரு. ஏற்கெனவே ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் அங்க. தகடு பக்கத்துல நின்னு செல்ஃபி அனுப்பி, "என்ன மாப்ள, சிங்கப்பூர்ல இன்னும் கரண்டு பில்லெல்லாம் கட்டுறீங்களா?"ன்னு கேக்குறாரு.

தரைவீட்டுக்காரங்க மட்டும் குளுகுளுன்னு இருக்காங்களான்னா அதுவும் இல்ல. கூட வேலை பார்க்கிறவர் போட்டிருக்காரு. பகல்ல வீட்ல ஆள் கிடையாது, வர்ற கரண்டெல்லாம் கிரிட்டுக்குப் போயிடுது. அதுக்குக் குடுக்கிற விலையில கம்பிக்கட்டணத்தை, அதாவது கிரிட்டைப் பயன்படுத்துற கட்டணத்தைக் கழிச்சுத்தான் குடுப்பாங்க. ராத்திரி ஏர்கோன் போட்டா முழு விலை. பேட்டரி வைக்கலாமேன்னேன். அதோட விலையைச் சொன்னாரு. கோப்பி ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை.

யூனிட்டு முப்பது காசுன்னேன்ல, அதுல இன்னொண்ணு ஞாபகம் வருது. முப்பது காசுக் கரண்டுல என் வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு நாள் ஓடிடும். அதே முப்பது காசுக்கு நேத்து கோப்பிக் கடையில தோசை கட்டினதுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. சட்னிக்குத் தனி டப்பா, தனிக் காசு. சாம்பாருக்கு இன்னொரு டப்பா, அதுக்கும் காசு. வீட்டுக்கு வந்து பிரிச்சா மூணு டப்பாவும் இருக்கு, சாம்பார் இல்ல.