மேட்டூர்ச் சாம்பலுக்கு லெட்டர்பேடு கேட்கிறார்கள்

கன்னங்குறிச்சிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். வாசலில் நின்றால் சேர்வராயன் மலை கண்ணெதிரே தெரியும். கல், தண்ணீர், சூடு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுத் தரும் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கியே தீருவது என்று பிடிவாதமாக இறங்கியது நான்தான். சேலத்துச் சித்திரை வெயிலில், ராத்திரி 11 மணிக்கும் அனல் கக்கும் சுவரில் சாய்ந்து வளர்ந்தவன் நான். என் பிள்ளைகளுக்காவது சூடு தங்காத வீடு வேண்டும். ஆனால் ஆறு மாதமாகப் பேப்பர் தேடியே கால் தேய்கிறது.

சுவருக்கு ஃப்ளை ஆஷ் கல் எடுத்தோம். மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல், இங்கிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம். அனல் மின் நிலையங்களைச் சுற்றிக் கல் அறுப்பவர்கள் சாம்பலைக் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு 1999லேயே அறிவிக்கை போட்டுவிட்டது. வயல் மண்ணை வெட்ட வேண்டாம், சூளைக்கு விறகு எரிக்க வேண்டாம். இதற்கு மேல் என்ன பசுமை வேண்டும்? ஆனால் சான்றிதழ் வேலையைப் பார்க்கும் எங்கள் ஆலோசகர் கேட்பது, சாம்பல் எத்தனை சதவீதம் என்று தயாரிப்பாளரின் லெட்டர்பேடில், முத்திரை போட்ட கடிதம். பட்டறைக்காரரோ துண்டுச் சீட்டில் பென்சிலால் '4000 கல், பாக்கி' என்று எழுதித் தருகிறவர். உடைந்த கல் ஒன்றை என் கையில் வைத்து, "பாதிக்கு மேல சாம்பல்தானுங்க தம்பி, நீங்களே பாருங்க. லெட்டர்பேடுக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றார். உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம். கை எல்லாம் ஒட்டியது.

ஆலோசகர் சொன்ன வழி என்ன தெரியுமா? பேப்பர் தரும் பெரிய கம்பெனிக் கல்லை வெளி மாவட்டத்திலிருந்து இறக்க வேண்டுமாம். சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்தால் அதுவும் உள்ளூர்ப் பொருள்தானாம்! லாரி நிறைய டீசலை எரித்துக் கொண்டுவரும் கல்லுக்கு மதிப்பெண், மேட்டூர்க் கல்லுக்குச் சைபர். வயிறு எரிகிறது.

அப்புறம் குழாய். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்தான் வர வேண்டும் என்பது சரி, தண்ணீரின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அளவு 3 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் எடுத்தது. 1 பாருக்கே தொட்டி குழாய்க்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 3 பார் என்றால் 30 மீட்டர், கிட்டத்தட்ட பத்து மாடி! எங்கள் மொட்டை மாடித் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே 4 மீட்டர்கூடத் தேறாது. நிமிடத்துக்கு 3 லிட்டர் என்று எழுதிய குழாயை மச்சான் வீட்டில் மாட்டிப் பார்த்தோம். நூல் மாதிரி இறங்கியது. 10 நிமிடம் நின்றும் பக்கெட் பாதிகூட நிரம்பவில்லை. சலித்துப்போய் யாராவது திறந்துவிட்டுப் போனால் வழிந்து ஓடுவதும் தண்ணீர்தானே? தொட்டித் தண்ணீருக்கு எந்தக் குழாய் சரி என்று மூன்று முறை கேட்டேன், "ஸ்பெக் ஷீட்டை அப்லோடு பண்ணுங்க சார்" என்பதுதான் பதில். நாங்கள் ஷவரே வைக்கவில்லை. பக்கெட்டும் சொம்பும்தான். அந்தச் சிக்கனத்தை எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை!

மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்டேன். வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டுமாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு விற்கும் அம்மா எந்த லேபில் போய் நிற்பார்?

இந்தச் சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேலம் மாதிரி ஊருக்குத்தான் இது முதலில் வேண்டும். சான்றிதழ் தருகிறவர்களே, பட்டறைக்கு ஆள் அனுப்பி நாலு கல்லை எடுத்துச் சோதித்து, அந்த ரிப்போர்ட்டை அங்கே கல் வாங்கும் எல்லோருக்கும் செல்லும் என்று வையுங்கள். குழாயை எங்கள் தொட்டித் தண்ணீரில் அளந்து பாருங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

கல்லை மாற்ற மாட்டேன் என்று நேற்று போனில் சொல்லிவிட்டேன். மேஸ்திரி சுவரைக் கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் தாண்டி எழுப்பிவிட்டார். ஃபைலில் அந்தக் கல்லுக்கான பக்கம் மட்டும் இன்னும் காலி.