தும்பிக்கு வேலை வேண்டும்

தும்பி என்ற எங்கள் நாய் வீட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு 14 மாதங்கள் ஆகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே, முன்னால் முற்றமும் பின்னால் விளை என்று நாங்கள் சொல்லும் சிறிய தென்னந்தோப்பும் உள்ள ஓட்டு வீடு எங்களுடையது. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். 72 வயதான அம்மாவும், 10 வயது மகளும், 7 வயது மகனும், நானும்தான் வீட்டில் இருக்கிறோம். கறுப்பு முகமும் செம்பட்டை உடலுமாக, இரண்டு வயதைத் தாண்டியிருந்த இந்தப் பெண் நாயைக் காப்பகம் ஒன்றிலிருந்து அழைத்து வந்தோம். அதற்கு முன்பே இரண்டு குடும்பங்கள் அவளை எடுத்துச் சென்று, அடங்க மாட்டேன் என்கிறாள் என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தன. அண்மையில் எனக்குத் தெரிந்த மூன்று பேர், காப்பகத்திலிருந்து துடிப்பான, புத்திசாலியான ஒரு நாயைத் தாங்களும் எடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எடுக்கலாம். எடுக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் புத்திசாலி நாய் வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும், ஒருமுறை சொன்னால் கேட்டுக்கொள்ளும் நாயைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். நாம் சொல்லிக் கொடுக்காதவற்றையும் அந்த நாய் கற்றுக்கொள்ளும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வந்த நான்காம் நாளே தும்பி வாசல் கதவின் கொண்டியை மூக்கால் நெம்பித் திறக்கக் கற்றுக்கொண்டாள். ஆறாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளில் நான்கை இழுத்து வந்து எங்கள் முற்றத்தில் வரிசையாகப் போட்டிருந்தாள். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அதற்குரிய பணத்தையும் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை; "சங்கிலி வாங்கிக் கட்டுங்கோ, எல்லாம் சரியாயிரும்" என்றார்.

நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் நாய் வளர்ப்பது இப்படித்தான் நடக்கிறது. பகல் முழுவதும் கார் ஷெட்டின் தூணிலோ மாமரத்தடியிலோ கட்டிப்போட்டு, இரவில் அவிழ்த்து விடுகிறார்கள். நல்ல மனிதர்கள்கூட இதைச் செய்கிறார்கள், அவர்களுடைய அப்பாவும் அப்படித்தான் செய்தார் என்பதால். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், நியாயமற்ற அளவுக்கு நீண்ட நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு விலங்கைக் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயைப் போதிய அளவு நடக்கவும் ஓடவும் விடாமல் இருப்பதையும் குற்றம் என்றே தனியாகக் குறிப்பிடுகிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. நானும் தும்பி வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

சங்கிலி வாங்கவில்லை. அதற்குப் பதிலாக நாளின் நேரத்தை மாற்றினோம். காலை ஐந்தரைக்குக் குளத்தங்கரை வழியாக நாற்பது நிமிடம் அவளோடு நடக்கிறேன்; தார் ரோடு சூடேறும் முன், பேருந்துகள் பெருகும் முன் அது முடிந்துவிட வேண்டும். அவள் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கும் இடங்களில் நானும் நிற்கிறேன், கயிற்றைப் பிடித்து இழுப்பதில்லை. ஒரே ஓட்டமாக இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வருவதைக் காட்டிலும், மெதுவாக முகர்ந்து முகர்ந்து நடந்த நாட்களில்தான் அவள் வீட்டுக்கு வந்ததும் அமைதியாகப் படுக்கிறாள் என்பதைப் பல வாரங்கள் கவனித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மழைதான் எங்களுக்குப் பெரிய சிக்கல். நமக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் மற்றொன்று. இரண்டிலும் வெளியே போக முடியாத நாட்கள் வரும். அந்த நாட்களுக்கு வழி கண்டுபிடித்தது அம்மா. நான்கு சிரட்டைகளைத் திண்ணையில் கவிழ்த்து வைத்து, அவற்றில் ஒன்றின் கீழ் உப்பில்லாமல் அவித்து முள் நீக்கிய சாளை மீன் துண்டை வைப்பார். தும்பி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரத்தில் அது அவளுக்கு எளிதாகிவிட்டது. பிறகு கதம்பை எனப்படும் தேங்காய் மட்டைகளின் குவியலுக்குள் ஒளித்து வைத்தோம், அதன் பிறகு மகள் விளையில் வெவ்வேறு தென்னைமூடுகளில் வைத்துவிட்டு வந்தாள். இருபது நிமிடம் இப்படித் தேடிய பின் தும்பி மூன்று மணி நேரம் தூங்குகிறாள். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி இன நாய் 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்து வந்ததாக 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தச் செய்தியைப் படித்த பலர் நாயின் அறிவை வியந்தார்கள். அதன் சொந்தக்காரர் மூன்று ஆண்டுகள் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் அதனுடன் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வருத்தமான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தும்பி வந்த மூன்றாம் வாரம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். இரண்டு நாள் மழையில் தும்பி நடக்கப் போகவில்லை. வெளியே வெடிச்சத்தம், முற்றத்தில் ஆறு குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் என் மகனைத் துரத்திப் போய்க் கெண்டைக்காலைப் பல்லால் பிடித்துவிட்டாள். இரத்தம் வரவில்லை, இரண்டு கீறல்கள் இருந்தன. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தும், மகனுக்கு அன்றும், 3, 7, 28ஆம் நாட்களிலுமாக நான்கு தவணை ஊசியையும் முழுமையாகப் போட்டோம். அன்று இரவு நாயைத் திருப்பி விட்டுவிடலாம் என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே அவளை விட்டு வைத்தவள் நான். உள் அறையில் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தால் அது நடந்திருக்காது. இன்று வரை விருந்தாளிகள் வந்தால் அவள் அம்மாவின் அறையில்தான் இருக்கிறாள், அவளுடைய பாயோடு.

காப்பகங்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. எடுக்க வருகிறவர்கள் மனம் மாறிவிடுவார்களோ என்ற அச்சத்தில், குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்று எல்லா நாயைப் பற்றியும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறீர்கள். கூண்டில் ஒடுங்கிக் கிடக்கும் நாய் புதிய வீட்டில் தன் இயல்பைக் காட்டவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். இரண்டு முறை திரும்பி வந்தவள் என்பதை எங்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தால், திருவிழாவுக்கு முன்பே விழிப்பாக இருந்திருப்போம். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் வழக்கில் பிறப்பித்த உத்தரவு, தத்தெடுக்க விரும்புகிறவர்களுக்கு வழி திறந்ததோடு, தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்குப் போகாமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. உண்மையைச் சொல்லி ஒப்படைத்தால்தான் அந்தப் பொறுப்பை ஒருவர் ஏற்க முடியும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை. நம் ஊரில் தேங்கும் மழைத் தண்ணீரை எண்ணி, எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். உண்ணியை நாள்தோறும் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் பார்க்க வேண்டும்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் யாராவது இப்படியொரு நாயை எடுக்க நினைத்தால், முதலில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வாருங்கள். மாலையில் வர வேண்டாம். அப்போது தும்பி திண்ணையில் படுத்திருப்பாள், எல்லோருக்கும் பிடித்துவிடும். காலை ஐந்தரைக்கு, முடிந்தால் மழை பெய்யும் ஒரு நாளில், வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.