எல்ஸ்ஹைமரின் இரவு வானம்

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டை ஒட்டிய பரோக் காலத்துச் சமய ஓவியங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இத்தாலிய ஓவியர் கரவாஜியோவில்தான் போய் நிற்கிறோம். இருட்டுக்குள் பக்கவாட்டிலிருந்து பாயும் ஒளியே அக்காலத்தின் ஆன்மிகப் பார்வை என்று முடிவுகட்டிவிட்டோமோ என்று எனக்கு ஐயம் உண்டு. அவருடைய பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோமில் சாந்தா மரியா தெல் பொப்போலோ ஆலயத்தில் அவர் வரைந்த பவுலின் மனமாற்றத்தில் (கிறிஸ்தவர்களை ஒடுக்கத் தமஸ்கு நகருக்குப் போகும் வழியில் பவுல் வானொளியால் வீழ்ந்து மனம் மாறிய விவிலியக் காட்சி) குதிரை இருக்கிறது, விழுந்து கிடக்கும் மனிதர் இருக்கிறார், ஒளி இருக்கிறது. தமஸ்குவுக்குச் செல்லும் சாலையும் வானமும் இல்லை. அருள் இறங்கும் இடத்தில் நிலம் மறைந்துபோகிறது.

சில ஆண்டுகள் கழித்து, அதே ரோமில், பிராங்பர்ட்டில் பிறந்த ஓவியர் ஆடம் எல்ஸ்ஹைமர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். இன்று மியூனிக்கின் ஆல்டே பினகொதேக் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 'எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்' (1609), ஏறத்தாழ 31 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும் கொண்ட செப்புத் தகட்டில் தீட்டப்பட்டது. வண்ணத்தை உறிஞ்சாத வழவழப்பான பரப்பு என்பதால், ஊசிமுனை போன்ற புள்ளிகளைக்கூட அதில் வைக்க முடிந்தது. மரியாளோடும் குழந்தை இயேசுவோடும் செல்லும் சூசையப்பரின் கையில் சிறு தீப்பந்தம். இடப்புறம் இடையர்கள் மூட்டிய நெருப்பும் அதிலிருந்து எழும் பொறிகளும். வலப்புறம் முழுநிலவும் நீரில் அதன் பிம்பமும். கரிய மரத்திரளுக்கு மேலே சரிந்து செல்லும் பால்வீதி. வானதூதர் எவரும் வழிகாட்டவில்லை, மேகத்தைப் பிளந்து கதிர் எதுவும் இறங்கவில்லை. ஒவ்வொரு ஒளிக்கும் இவ்வுலகிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

பால்வீதி விண்மீன்களின் பெருந்திரள் என்று கலீலியோ 1610இல் அச்சில் வெளியிட்டார். அதை முந்தைய ஆண்டே தனித்தனிப் புள்ளிகளாக வரைந்த எல்ஸ்ஹைமர் தொலைநோக்கி வழியாகப் பார்த்திருப்பாரா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வழக்கைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது: முழுநிலவு காயும் இரவில் பால்வீதி இவ்வளவு துலக்கமாகத் தெரியவே தெரியாது. ஆகவே இது ஓர் இரவைப் பார்த்தபடி எழுதிய பதிவன்று. உண்மையான வானத்தின் கூறுகளைக் கொண்டே எங்கும் காணமுடியாத ஒரு வானத்தை அவர் கட்டியிருக்கிறார். குழந்தையைக் கொல்லத் தேடிய மன்னன் ஏரோதுவுக்கு அஞ்சி ஓடும் குடும்பம் அதன் கீழ் மிகச் சிறியதாய் நகர்கிறது. அடுத்து ஒதுங்கக்கூடிய இடம் அந்த இடையர்களின் நெருப்புதான். இறையிருப்பைச் சொல்ல, பெரிய வானத்துக்கும் சிறிய மனிதர்களுக்கும் இடையிலான இந்த அளவு ஒன்றே போதும் என்று நம்பிய துணிவைத்தான் நான் ஆன்மிகப் பார்வை என்பேன்.

எல்ஸ்ஹைமர் 1610 டிசம்பரில், 32 வயதில் மறைந்தார். ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் அந்த இழப்புக்காக வருந்திக் கடிதம் எழுதினார். டச்சு அச்சுக்கலைஞர் ஹென்றிக் கௌட் 1613இல் செதுக்கிய அச்சுப்படம் இந்த இரவை வடக்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றது. டப்ளினில் உள்ள, டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 1647ஆம் ஆண்டு ஓவியம் இதன் வழிவந்ததே. அதில் திருக்குடும்பம் நெருப்பருகே அமர்ந்து இளைப்பாறுகிறது, வானத்தை மேகம் மூடியிருக்கிறது. அதன் கதகதப்பு எனக்குப் பிடிக்கும். ஆயினும் விண்மீன்களை விட்டுவிட்டதில் ரெம்பிராண்ட் எளிய வழியைத் தேர்ந்தெடுத்தார் என்றே கருதுகிறேன்.